எலெனா என்னை அழைத்த சொல்

பிரியமுள்ள மகனுக்கு,

உன் கடிதம் வந்து பல வாரங்கள் ஆகிவிட்டன. நீ கேட்டிருந்தது ஒரே கேள்வி. எலெனா இறந்துபோன பிறகு, தாயில்லாத ரோசாவை இங்கே திருவண்ணாமலைக்கு அழைத்துவந்து எங்களிடம் விடலாமா, அல்லது குழந்தை ப்யூனஸ் ஐரிஸிலேயே எலெனாவின் பெற்றோரிடம் வளரட்டுமா என்று கேட்டிருந்தாய். மில் வேலையையும் குழந்தையையும் சேர்த்துப் பார்க்க முடியவில்லை என்றும், நான் என்ன சொல்கிறேனோ அதன்படி செய்வதாகவும் எழுதியிருந்தாய். அந்தக் கடைசி வரிதான் என்னை இத்தனை நாள் எழுதவிடாமல் செய்தது. யாரும் என் சொற்படி நடக்கும் நிலையில் நான் இருந்ததில்லை. முன்சீப் கோர்ட்டில் இருந்த காலம் முழுக்க மற்றவர்கள் சொன்னதை மொழிபெயர்த்தவன் நான். சாட்சி தமிழில் "நான்" என்று சொன்னதை ஆங்கிலத்தில் எழுதும்போது, அந்த "நான்" என்னுடையதல்ல என்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது.

உன் அம்மா தினமும் காப்பி கொண்டுவந்து வைக்கும்போது கேட்கிறாள்.

"இன்னாங்க, எழுதிட்டீங்களா?"

"யோசிச்சிட்டிருக்கேன்."

"யோசிக்கறதுக்கு இன்னா இருக்குது? கொயந்தய கூட்டினு வாடான்னு ரெண்டு வரி போட்டா ஆச்சி. நீங்க பேனாவுக்கு மை ஊத்தறதையே ஒரு உத்தியோகமா வெச்சிருக்கீங்க."

அவளுக்குக் கேள்வி கேட்கப்பட்ட அந்தக் கணமே பதிலும் வந்துவிட்டது. எனக்கு அப்படி வராது. எதையும் அடியிலிருந்து தொடங்கி, வரிசையாகப் போய்த்தான் முடிவுக்கு வரத் தெரியும். ஆகவே சொல்லப்போவதை முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. ஸ்பானிஷ் மொழி எங்கே, யார் வாயில் பிறந்தது என்பது.

2. அது கப்பல் ஏறிப் போனபிறகு எப்படியெல்லாம் மாறியது என்பது.

3. எலெனா இங்கே வந்திருந்த நாட்கள்.

4. ஒரு குழந்தை தாய்மொழியை எவ்வளவு சீக்கிரம் இழக்கும் என்பது.

5. எலெனா எங்களைக் கடைசிவரை எட்டி வைத்தே பழகினாள் என்பதும், ஆகவே குழந்தை அங்கேயே இருப்பதுதான் நியாயம் என்பதும்.

முதல் இரண்டும் உன் கேள்விக்குச் சம்பந்தமில்லாதவையாகத் தோன்றும். ஆனால் ஐந்தாவது குறிப்பு எலெனா பேசிய ஒரே ஒரு சொல்லின்மேல் நிற்கிறது. ஒரு பாஷையைப் பற்றி ஒருவன் சாட்சி சொல்ல வந்தால், உனக்கு அந்தப் பாஷை எவ்வளவு தெரியும் என்றுதான் வக்கீல் முதலில் கேட்பார். அதற்கு நான் பதில் வைத்திருக்கவேண்டும்.

நீ இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தபோது, அர்ஜெண்டினாவிலிருந்து வந்து அங்கே படிக்கும் ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாக எழுதினாய். சரி என்று எழுதவும் எனக்குத் தைரியம் இல்லை, கூடாது என்று எழுதவும் தைரியம் இல்லை. பட்டணம் போய் மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் அலைந்து ஒரு ஸ்பானிஷ் இலக்கணம் வாங்கிவந்தேன். வெள்ளைக்கார வியாபாரிகளுக்காகப் போன நூற்றாண்டில் அச்சடித்த புத்தகம், மேலட்டை இல்லை. உனக்குப் பதில் எழுதாமல் வினைச்சொற்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். நீ காத்திருந்து பார்த்துவிட்டுக் கல்யாணத்தை முடித்துக்கொண்டாய். நான் கோபத்தில் எழுதவில்லை என்று நீ நினைத்திருப்பாய். நான் அந்த நேரத்தில் "நேசிக்கிறேன், நேசிக்கிறாய், நேசிக்கிறார்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு வாசலில் நடந்துகொண்டிருந்தேன். இதிலிருந்து உனக்கு ஒரு புத்தி சொல்ல எனக்கு உரிமை உண்டென்றால் சொல்கிறேன். பதில் தெரியாதபோது, தெரியவில்லை என்றாவது எழுதிவிடு. மௌனத்தை எதிரில் இருப்பவர் தன் பயத்துக்கு ஏற்றபடி மொழிபெயர்த்துக்கொள்வார்.

ஸ்பானிஷ் லத்தீனிலிருந்து வந்தது என்று புத்தகம் ஒரு வரியில் முடித்துவிடுகிறது. எந்த லத்தீன் என்பதுதான் விஷயம். ரோமாபுரியின் சபைகளில் பேசிய லத்தீன் அல்ல. சம்பளத்துக்கு வந்த சிப்பாய்களும், சாலை போட வந்தவர்களும், சந்தையில் ஆடு விற்றவர்களும் பேசிய லத்தீன். நாங்கள் தீர்ப்பு நகலில் எழுதும் தமிழுக்கும் மாட்டுச் சந்தையில் கேட்கும் தமிழுக்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம். ரோமாபுரி விழுந்தபிறகு அந்தச் சந்தைப் பேச்சு பள்ளத்தாக்குக்கு ஒன்றாகப் பிரிந்தது. வடக்கே மலையோரமாக, கோட்டைகள் நிறைந்த ஒரு சிறிய நாட்டில் பேசியது அதில் ஒன்று. கோட்டைகளால் அந்த நாட்டுக்குக் காஸ்தில்யா என்று பெயர் வந்தது. அந்த மூலைப் பேச்சுதான் பின்னால் ஒரு சாம்ராஜ்யத்தின் பாஷை ஆயிற்று. காஸ்தில்யாவுக்குப் பக்கத்தில் பாஸ்க் என்ற வேறொரு ஜனம் இருந்தது. அவர்கள் வாயில் எஃப் என்ற ஒலி நிற்காது என்கிறார்கள். நம் வாயிலும் நிற்காது, அதனால்தான் அந்தக் கறுப்புப் பானத்தைக் காப்பி ஆக்கினோம். காஸ்தில்யாவில் அந்த ஒலி முதலில் வெறும் மூச்சாகி, பிறகு அந்த மூச்சும் போய்விட்டது. லத்தீனில் மகனுக்கு ஃபிலியுஸ் என்று பெயர், ஸ்பானிஷில் இஹோ. முன்னால் ஓர் எழுத்து இன்னும் எழுதப்படுகிறது, ஆனால் அதற்கு ஒலி கிடையாது. இதைப் படித்த அன்று உன்னை நினைத்துக்கொண்டு புத்தகத்தை மூடிவைத்தேன்.

தெற்கே அரேபியர்கள் பல நூற்றாண்டுகள் ஆண்டார்கள். ஆற்காட்டு நவாபு போனபிறகும் ஜாஸ்தியும் கம்மியும் நம் கடைத்தெருவில் இருப்பதுபோல, அவர்கள் போனபிறகும் அவர்களுடைய சொற்கள் ஸ்பெயினில் தங்கிவிட்டன. நம் சர்க்கரை பாரசீகம் போய், அரபுக்குப் போய், அங்கிருந்து அஸூகார் என்று ஸ்பானிஷுக்குப் போயிருக்கிறது. நாரத்தங்காயின் பெயரே இப்படி ஊர் ஊராகப் போய் நரான்ஹா என்று ஆரஞ்சுக்கு ஆயிற்று என்று ஓர் அகராதியில் பார்த்தேன். உறுதியாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

இனி இரண்டாவது. தெற்கத்தித் துறைமுகங்களிலிருந்துதான் மேற்கே கப்பல்கள் போயின. போனவர்களில் பலர் அந்தப் பக்கத்து ஆட்கள், அந்தப் பக்கத்து நாக்கு. காஸ்தில்யாக்காரன் நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்துச் சொல்லும் இடத்தில் இவர்கள் வெறும் ஸகரம் சொன்னார்கள். அதனால் நன்றி என்பதற்கு என் புத்தகத்தின்படி க்ராத்தியாஸ், எலெனாவுக்கு க்ராஸியாஸ். முதல் நாள் அவள் சொன்னபோது மனதுக்குள் திருத்தினேன். பாஷையை வைத்திருப்பவளை இலக்கணத்தை வைத்திருப்பவன் திருத்தினான். இரட்டை எல் என்று ஓர் எழுத்து உண்டு. ஸ்பெயினிலேயே அது பல ஊர்களில் யகரமாக இளகிவிட்டது, நம் பக்கத்தில் வாழைப்பழம் வாயப்பயம் ஆனதுபோல. ப்யூனஸ் ஐரிஸில் அது இன்னும் ஒரு படி போய், ஜவும் ஷவும் கலந்த ஓர் ஒலியாகிவிட்டது. இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். எனக்குத் தெரியும் என்று நீ தெரிந்துகொள்ளவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

முக்கியமானது அடுத்தது. ஒருவரை முன்னிலையில் அழைக்க என் புத்தகம் மூன்று சொற்கள் தருகிறது. தூ என்பது நம் "நீ", வீட்டாரையும் குழந்தைகளையும் வேலைக்காரரையும் அழைப்பது. உஸ்தேத் என்பது நம் "நீங்கள்". வுவெஸ்த்ரா மெர்தேத், அதாவது தங்கள் கிருபை என்ற நீளமான மரியாதைதான் பேசிப் பேசித் தேய்ந்து உஸ்தேத் ஆயிற்றாம். மூன்றாவது, வோஸ். அதைப் பற்றிப் புத்தகம் சொல்வது: "கடவுளையும், அரசரையும், புனிதரையும் விளிக்க, பழைய நாடகங்களில் மட்டும்." இந்த மூன்று சொற்களையும் நான் மற்றவர்களைவிடக் கவனமாகப் படித்ததற்குக் காரணம் என் உத்தியோகம். கீழ்பென்னாத்தூரில் இரண்டு பங்காளிகள் மண்டையை உடைத்துக்கொண்டதில் ஒருவன் நஷ்டஈடு கேட்டுப் போட்ட வழக்கு ஒன்று வந்தது. வாதி கூண்டில் நின்று, "வாங்கன்னு கூப்ட்டிருந்தா போயிருப்பேங்க. வான்னு கூப்ட்டான் சார், அதுவும் என் சம்சாரத்து எதிர்ல" என்றான். நான் ஆங்கிலத்தில் எழுதியதோ, அவர் என்னை வரச் சொன்னார், நான் போகவில்லை என்பதுதான். தமிழ் தெரியாத முன்சீப் நிமிர்ந்து பார்த்து, வரச் சொன்னதில் என்ன குற்றம் என்று கேட்டார். என்னால் விளக்க முடியவில்லை. வெளியே வந்ததும் வாதி என்னைப் பிடித்துக்கொண்டான். "இன்னா சார், நான் அயுது அயுது சொன்னேன், நீங்க ரெண்டு வார்த்தைல முடிச்சிட்டீங்களே!" அன்றிலிருந்து, யார் யாரை எந்தச் சொல்லால் அழைக்கிறார்கள் என்பதை எடை போடாமல் என்னால் இருக்கமுடிவதில்லை.

மூன்றாவதற்கு வருகிறேன். கல்யாணமான மறு வருஷம் மழைக்காலத்தில் நீங்கள் இருவரும் வந்தீர்கள். ஸ்டேஷனில் அவளை வரவேற்க நான் ஒரு வாக்கியம் தயார் செய்துவைத்திருந்தேன். முதல் வார்த்தை மரியாதையாக இருக்கட்டும் என்று, உஸ்தேத் போதாதென்று நினைத்து, அதன் பழைய முழு வடிவத்தையே எடுத்துக்கொண்டேன். வண்டியிலிருந்து இறங்கியவளிடம், தங்கள் கிருபை இந்தத் தங்கள் இல்லத்துக்கு நல்வரவாகுக என்று ஸ்பானிஷில் சொன்னேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். போர்ட்டர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீயும் சிரித்தாய். ராஜா நாடகத்தில் வருகிறவன்போல நான் பேசியிருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் சிரித்தாள் என்பது மட்டுந்தான். ஆனால் அதற்கப்புறம் அவள் என்னிடம் இங்கிலீஷ் பேசவே இல்லை. உன்னோடு நீங்கள் பழகிய இங்கிலீஷ், என்னோடு ஸ்பானிஷ்.

உன் அம்மாவுக்கு அந்தச் சங்கடம் எதுவும் இல்லை. எலெனா என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் எல்லம்மா ஆக்கிக்கொண்டாள். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வரும்போதே ஜட்காக்காரனோடு சேர்ந்து ஒரு கூத்து நடந்தது. எலெனா இங்கிலீஷில் பேசினாலும் ஸ்கூலை எஸ்கூல் என்பாள், ஸ்டேஷனை எஸ்டேஷன் என்பாள். ஸகரத்தோடு இன்னொரு மெய் சேர்ந்து முதலில் வந்தால் அவர்கள் நாக்குக்கு முன்னால் ஓர் உயிர் வேண்டும். நமக்கும் வேண்டும். ஜட்காக்காரன் சவுக்கை நிறுத்திவிட்டு, "ஏம்மா, இந்தம்மா இஸ்டேசன்னு சரியாத்தாம்மா சொல்லுது. தம்பிதான் சீமைக்குப் போயி கெட்டுப்போயிட்டாரு" என்றான். உன் அம்மா வழியெல்லாம் சிரித்தாள்.

வந்த மறுநாள் பீரோவைத் திறக்க உன் அம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டி, "எல்லம்மா, சாவி" என்றாள். எலெனா கண்ணை அகல விரித்து, "ஜாவே!" என்றாள். உன் அம்மா மறுபடி "சாவி." அவள் மறுபடி "ஜாவே!" லத்தீனில் ஒரே சொல்தான். போர்த்துக்கீசியர் வழியாக நம் வீட்டுக்குச் சாவியாக வந்திருக்கிறது, ஸ்பெயின் வழியாக அவள் வீட்டுக்கு ஜாவேயாகப் போயிருக்கிறது. நான் இதை இருவருக்கும் விளக்கலாம் என்று எழுந்துபோனேன். அதற்குள் உன் அம்மா சாவியை அவள் இடுப்பில் செருகிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மேஜையும் அப்படித்தான், அவளுக்கு மேஸா. அன்று முழுக்க வீட்டில் உள்ள சாமான்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு இருவரும் கத்திக்கொண்டிருந்தார்கள். கீழ்பென்னாத்தூரில் உன் மாமன் கொல்லையில் அவளுக்கு அவித்த மல்லாட்டை கொடுத்தார்கள். வேர்க்கடலைக்கு மணிலாக்கொட்டை என்று இருந்த பெயர்தான் நம் வாயில் மல்லாட்டை ஆனது. அவள் கண்டத்தில் விளைந்த பயிர் ஸ்பானியர் கப்பலில் மணிலாவுக்குப் போய், மணிலாவின் பெயரோடு நம் கொல்லைக்கு வந்திருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். அவள் ஒரு பிடி அள்ளி வைத்துக்கொண்டு "மனி, மனி" என்றாள். அவர்கள் ஊரில் அதற்கு அதுதான் பெயர்.

இனி அந்தச் சொல். ஒரு நாள் பகல் சாப்பாட்டில் நான் பாதியிலேயே எழுந்துவிட்டேன். எனக்கு அப்போதே பசி குறைவு. எலெனா என் இலையைப் பார்த்துவிட்டு, குரலைச் சற்று உயர்த்தி, "வோஸ் நோ கொமேஸ் நாதா" என்றாள். பரிமாறிக்கொண்டிருந்த உன் அம்மா கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"இன்னாங்க இது, உங்கள நாதான்னு கூப்புடுது! தெருக்கூத்துல மகாராணி கூப்புடற மாதிரி!"

"நாதான்னா அவங்க பாஷையில ஒன்றுமில்லைன்னு அர்த்தம்."

"அது சரி. இத்தன வருசமா எனக்குத் தெரிஞ்ச அர்த்தமும் அதான்."

நீ அப்போது வெளியே போயிருந்தாய். எலெனாவுக்கும் ஏதோ வேடிக்கை என்று தெரிந்து அவளும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எனக்கு உறைத்தது நாதா அல்ல, வோஸ். கடவுளுக்கும் அரசனுக்கும் உரிய சொல். "தாங்கள் ஏதும் அமுது செய்யவில்லையே" என்று அதை மனதில் மொழிபெயர்த்துக்கொண்டேன். ஸ்டேஷனில் நான் செய்த மரியாதையை அவள் கேலியாகத் திருப்பிக் கொடுக்கிறாள் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அவள் அதற்குப் பிறகும் என்னிடம் அதே சொல்லைத்தான் சொன்னாள், கேலிக்குரிய முகமே இல்லாமல். அப்படியானால் இது கேலியல்ல, எல்லைக்கோடு என்று முடிவு செய்தேன். நீங்கள் பெரியவர், அங்கே இருங்கள், நான் இங்கே இருக்கிறேன் என்பது. வீட்டார் பேசிக்கொள்ளும் தூ என்ற சொல்லுக்காக நான் காத்திருந்தேன். அது ஒருநாளும் வரவில்லை. நானும் அவளைக் கடைசிவரை உஸ்தேத் என்றே அழைத்தேன். நான் அப்படிச் சொல்லும்போதெல்லாம் அவள் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போகும். என் உச்சரிப்பு சரியில்லை போலும் என்று நினைத்தேன். நீங்கள் புறப்பட்ட அன்று உன் அம்மா அவள் கன்னத்தைத் தடவி, மறுபடி எப்போது வருவாய் என்று சைகையில் கேட்டாள். "ஒஹாலா" என்றாள் எலெனா. அது அரபியர் விட்டுப்போன சொல், இறைவன் நாடினால் என்ற பிரார்த்தனை அதற்குள் புதைந்திருக்கிறது. பிறகு ரோசா பிறந்தாள். பிறகு உன் தந்தி வந்தது.

நான்காவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் எனக்குச் சந்தேகமில்லை. எலெனாவின் தாத்தா இத்தாலியிலிருந்து ஜெனோவாப் பேச்சோடு கப்பலேறி வந்தவர். அந்தப் பேச்சில் தனக்கு நாலைந்து வார்த்தைதான் தெரியும், அதிலும் பாதி வசவு என்று அவளே என்னிடம் சொன்னாள். இரண்டே தலைமுறைதான் ஆகியிருந்தது. மேற்கே முதல் கப்பல்கள் போன அதே வருஷத்தில் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்களோ, துருக்கியில் போய்த் தங்கி, அந்தக் காலத்து ஸ்பானிஷை இத்தனை நூற்றாண்டுகள் வைத்திருந்தார்கள். ஒரு தெரு முழுக்க அந்தப் பேச்சைப் பேசிய வீடுகள் அவர்களுக்கு இருந்தன. இங்கே ரோசாவுக்கு எந்தத் தெரு இருக்கிறது? வந்த ஒரு வருஷத்துக்குள் அவள் உன் அம்மாவைப்போல "இன்னா" என்பாள். கேட்க இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் அவள் தாய் அவளைத் தூங்கவைத்த சொற்கள், திட்டிய சொற்கள், ஒவ்வொன்றாகப் போய்விடும். தாயை ஏற்கெனவே ஒருமுறை இழந்த குழந்தை அவள்.

ஆகவே ஐந்தாவது. எலெனா எங்களைத் தன் மனிதர்களாக ஏற்றுக்கொள்ளவில்லை. நான் அவளைக் குறை சொல்லவில்லை. அவள் கல்யாணத்துக்குச் சம்மதம் என்று ஒரு வரி எழுதாத மாமனாரை அவள் எங்கே வைப்பாள்? தன்னை எட்டி நிற்கவைத்தவனை மரியாதையாக எட்டி நிற்கவைத்தாள். உயிரோடு இருந்தால் தன் மகளை அவள் எங்களிடம் விட்டிருக்கமாட்டாள். அவள் இல்லை என்பதால் அவள் விருப்பத்தை நாம் மீறக்கூடாது. குழந்தை அங்கேயே இருக்கட்டும். உன் அம்மாவை நான் சமாளித்துக்கொள்கிறேன்.

இதுவரை எழுதி முடித்து, மடித்து வைத்தேன். ஒட்டவில்லை. எழுத்தில் இருக்கும் சாட்சியத்தை இன்னொருவரிடம் வாசித்துக் காட்டிச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடும் பழக்கம் எனக்கு இல்லை. கவர் வாங்கத் தபாலாபீஸ் போனபோது அங்கிருந்த குமாஸ்தா, "சார், உங்க பையன் ஊரு ஸ்டாம்பு ஒட்டின கவரு செங்கம் ரோட்டுல ஒரு வெள்ளக்காரம்மாவுக்கும் வருதுங்க" என்றான். ஆசிரமத்துப் பக்கம் ஒரு டீக்கடைக்குப் பின்னால் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்களாம். இரண்டு நாள் தயங்கினேன். இன்று காலை போனேன்.

நரைத்த தலை, காலில் நம்மூர் ரப்பர் செருப்பு, கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். ப்யூனஸ் ஐரிஸிலிருந்து பல மைல் உள்ளே ஏதோ ஊர். நான் ஸ்பானிஷில் தொடங்கியதும் சிரித்தார்கள். எனக்கு அது பழகிவிட்டது. ஒரே ஒரு வாக்கியத்துக்குச் சரியான பொருள் வேண்டும் என்று சொல்லி, எலெனா சொன்னதைச் சொன்னேன். அந்த அம்மாள் கையிலிருந்த துணியைக் கொடியில் போட்டுவிட்டு இங்கிலீஷில் கேட்டார்கள்.

"இதை யார் உங்களிடம் சொன்னது? மகளா?"

"மருமகள்."

"மருமகளா? நிச்சயமாக வோஸ் என்றா சொன்னாள்?"

"எப்போதும் அதுதான். பழைய அரச மரியாதை என்று என் புத்தகம் சொல்கிறது."

"உங்கள் புத்தகத்தைத் தூக்கிப் போடுங்கள். ஸ்பெயினில் அந்தச் சொல் எப்போதோ செத்துப்போயிற்று. எங்களிடம் கீழே இறங்கி வீட்டுக்குள் வந்துவிட்டது. எங்களுக்குத் தூ கிடையாது, வோஸ்தான். அம்மாவை, அப்பாவை, அண்ணனை, கூடப் படித்தவளை. ஆனால் மாமனாரை அப்படிச் சொல்லமாட்டோம். என் அம்மா சாகிறவரை தன் மாமனாரை உஸ்தேத் என்றுதான் அழைத்தாள். நானும் அப்படித்தான்." பிறகு, "உங்களைத் தன் அப்பாவிடம் பேசுகிற மாதிரி அதட்டியிருக்கிறாள். நீ ஒன்றுமே சாப்பிடுவதில்லை என்று. நீங்கள் அவளை எப்படி அழைத்தீர்கள்?" என்றார்கள்.

நழுவி விழுந்த ஒரு துணியை எடுத்துக் கொடியில் போட்டேன்.

"அவள் இப்போது எங்கே இருக்கிறாள்?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர்கள் புரிந்துகொண்டு உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் முகத்தில் வந்து போன அந்த ஏதோ ஒன்றை நினைத்துக்கொண்டே வந்தேன். அவள் நீ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள், நான் ஒவ்வொரு தடவையும் தாங்கள் என்று சொல்லி வாசல் கதவைச் சாத்தியிருக்கிறேன். உனக்கு இதெல்லாம் முதல் நாளே தெரிந்திருக்கும். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. தண்ணீரை வடித்துவிட்டு, "பாவம், அந்தப் பொண்ணு" என்றாள். பிறகு, "தபாலு எடுக்கற நேரம் ஆவுது. சீக்கிரம் எழுதி முடிங்க" என்றாள்.

எழுதி முடிக்கிறேன். திருத்தி எழுத நேரமில்லை, மேலே எழுதியதை அடிக்கவும் மனமில்லை. முதல் மூன்றும் எனக்குத் தெரிந்தவரை சரி. நான்காவதும் சரிதான், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. என்னிடம் இருப்பது வியாபாரிகளுக்கான பழைய ஸ்பானிஷ், அதையும் பேசுவேன், செங்கம் ரோட்டு அம்மாளிடம் போய்க் கற்றுக்கொண்டும் பேசுவேன், அப்படியும் குழந்தை நிறைய இழப்பாள். ஆனால் உனக்கு வேண்டாம் என்று சொல்ல நான் ஊன்றி நின்றது ஐந்தாவதில். ஐந்தாவது தவறு. ரோசாவை அழைத்து வா. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கப்பலில் வரும்போது, தாத்தாவை வாங்க போங்க என்று சொல்லவேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடாதே.

உன் அப்பா